சாயம் எங்கே, செல் எங்கே?

(சத்தியமங்கலத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கடைசி வரிசையில் கதவோரமாக இடம் பிடித்திருக்கும் மாணவர்களே, இந்த ஊரில் படித்த காலத்தில் நானும் அங்கேதான் உட்காருவேன். இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய குடும்பத்தார் என்னைப் பார்க்க வந்தபோது, தங்கள் வீட்டுப் பெரியவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகவே இருந்து மறைந்தவர் என்றார்கள். அதனால் அந்த நோயைப் பற்றிப் பேசுங்கள், உங்கள் ஆராய்ச்சியில் கண்டுபிடித்ததைச் சொல்லுங்கள் என்றும் கேட்டார்கள். நான் கண்டுபிடித்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஏமாந்தது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் அப்பத்தா. மாசி மாதம், தோட்டத்தில் மஞ்சள் வேகிறது. கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் கையிலிருந்த கரண்டி நழுவியது. குனிந்து எடுக்கப் போனார், கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. "ஆயாளுக்குக் கை கால் விழுந்துருச்சு" என்று ஊருக்குள் சொன்னார்கள். யாரோ புறா பிடித்து வந்து அதன் ரத்தத்தைத் தேய்த்தார்கள். மறுநாள்தான் டாக்டரிடம் போனோம். அப்பத்தா குழறிக் குழறிக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "ஏனுங்க, இந்தக் கை மறுக்கா வருமுங்களா?" டாக்டர் மேசையைப் பார்த்தபடி, இருப்பதை வைத்துப் பழகிக்கொள்ளச் சொன்னார்.

அப்பத்தாவும் பழகிக்கொண்டார். நாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இடக்கையால் மல்லிகை கட்டப் பழகினார். மூன்று நான்கு மாதத்தில் பேச்சும் பெருமளவு திரும்பியது. வலக்கால் கொஞ்சம் ஊன்றியது. யாரும் மருந்து கொடுக்கவில்லை. புறாவுக்குப் புகழ் போனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சின் பின்பகுதியில் தேவைப்படும். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு முதல் சில மாதங்களில் உடம்பு தானாகவே ஓரளவு தேறும். அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவருக்குப் புகழ் போய்விடும்.

பக்கவாதங்களில் பெரும்பாலானவை மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பதால் வருகின்றன. மீதி, குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருகின்றன. பெரிய குழாய் ஒன்று அடைத்தால் நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று 2006-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டார். அடைப்பைக் கரைக்கும் ஊசி பலன் தரும் என்று 1995-ல் நிரூபணமானது. முதலில் 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றார்கள். 2008-ல் வந்த ஐரோப்பிய ஆய்வுக்குப் பிறகு அது நாலரை மணி நேரமானது. தாளவாடியில் ஒருவருக்குக் கை விழுந்தால், ஆம்புலன்ஸ் வந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஸ்கேன் இருக்கிற ஊர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வழியில் யானை நிற்காமல் இருந்தால் அதுவே பாக்கியம்.

ஊசிக்கான கெடு தாண்டியவர்களுக்கு என்ன செய்வது? இந்தக் கேள்வியிலிருந்துதான் செல் மாற்று ஆராய்ச்சி வந்தது. செத்த இடத்தில் புது செல்லை நட்டால் என்ன? ஸ்டெம் செல்லுக்குத் தமிழில் குருத்தணு என்று பெயர் வைத்தார்கள். வாழைக் குருத்து நினைவுக்கு வருகிற நல்ல சொல். ஆனால் அந்தச் சொல்லிலேயே ஒரு வாக்குறுதி ஒளிந்திருக்கிறது. வாழைக் குருத்தை வெட்டினால் நம் கண் முன்னாலேயே மறுபடி வளரும். மண்டை ஓட்டுக்குள் விட்ட செல் வளர்ந்ததா, செத்ததா, வேறெங்காவது போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு எலியின் மூளையில் கோடிக்கணக்கில் செல்கள் இருக்கின்றன. நாம் விட்டது ஓரிரு லட்சம். மைக்ரோஸ்கோப்பில் எல்லாம் ஒரே மாதிரி நிறமில்லாமல் தெரியும். நம்முடையது எது, எலியுடையது எது? ஆட்டுக்கு மை அடையாளம் போடுவது போல நம் செல்லுக்கும் ஒரு அடையாளம் போட வேண்டியிருந்தது. அங்கேதான் சாயம் வந்தது.

இந்த மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் இருக்கின்றன. ஒன்றில் தண்ணீர், மற்றதில் தேங்காய் எண்ணெய். இரண்டிலும் ஒரு சிட்டிகை ஈரோட்டு மஞ்சள் தூள். விளக்கை அணைக்கச் சொல்கிறேன். இது கள்ள நோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா டார்ச், பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கினேன். தண்ணீர் டம்ளர் மங்கலாகத்தான் இருக்கிறது. எண்ணெய் டம்ளரைப் பாருங்கள், பச்சை கலந்த மஞ்சளில் எரிகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் ஊதா வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு வேறு நிறத்தில் திருப்பிக் கொடுக்கிறது. தண்ணீரில் அதற்குப் பிடிப்பில்லை, எண்ணெயில்தான் ஒளிர்கிறது. இப்போது டார்ச்சை முன் வரிசைப் பக்கம் திருப்புகிறேன். ஐயா, உங்கள் வேட்டி நீலமாக ஜொலிக்கிறது. வெள்ளைத் துணிக்கு வெண்மை கூட்டுவதற்காகச் சேர்க்கிற ஒளிர்சாயத்தின் வேலை அது.

வாங்கிய ஒளியை வேறு நிறத்தில் திருப்பித் தருகிற இந்தக் குணத்துக்கு 1852-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ் பெயர் வைத்தார். அவருக்கு 7 வருடம் முன்னால் ஜான் ஹெர்ஷல் அதை வியந்து எழுதியது குயினைன் கரைசலில். குயினைன் நமக்கு அந்நியமில்லை. 1860-களிலிருந்து மேலே நீலகிரியில் சிங்கோனா மரம் பயிரிட்டுக் காய்ச்சலுக்குக் கொடுத்த அதே குயினைன்தான். இன்றும் ஒரு சாயம் எவ்வளவு ஒளிர்கிறது என்று அளக்கக் குயினைனை ஒரு படிக்கல் மாதிரி வைத்திருக்கிறார்கள்.

சாயத்தை விட்டு வழி கண்டுபிடிக்கும் கலைக்கு ஒரு அழகான முன்கதை உண்டு. ஜெர்மனியில் டான்யூப் ஆறு ஒரு இடத்தில் பூமிக்குள் இறங்கி மறைகிறது. 12 கிலோமீட்டர் தள்ளி, ஆக் என்ற ஊரில் பெரிய ஊற்று ஒன்று பொங்குகிறது. இது அந்தத் தண்ணீர்தானா? மேலூர்க்காரனுக்கும் கீழூர்க்காரனுக்கும் தண்ணீர்த் தகராறு. பவானிக் கரையில் இருக்கிற நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. 1877 அக்டோபரில் பேராசிரியர் க்னோப் ஆறு மறையும் இடத்தில் 10 கிலோ ஒளிர்சாயத்தையும், கூடவே 20 டன் உப்பையும் கொட்டினார். சுமார் 60 மணி நேரம் கழித்து ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. உப்பும் கரித்தது. கருங்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு ரைன் ஆற்றுக்குப் போகிறது என்பது நிரூபணமானது. அதே சாயத்தைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுக்கும்போது கை ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். மறுநாள் வரை சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயப்படாதீர்கள் என்று அனுப்பியிருப்பார்கள்.

ஆற்றிலும் சரி, கண்ணிலும் சரி, நாம் கேட்கிற கேள்வி நீரோட்டத்தைப் பற்றியது. சாயம் தண்ணீரோடு கலந்து போகிறது. தண்ணீர் போன இடத்தில் சாயம் இருக்கும். செல் விஷயத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம்.

செல்லுக்குப் போடும் சாயங்களில் புகழ்பெற்றது பி.கே.எச். 26. பால் கார்ல் ஹோரன் என்பவரின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயரில் இருக்கின்றன. அவரும் சூ ஸ்லெசாக்கும் 1989-ல் நேச்சர் இதழில் இவ்வகைச் சாயங்களைப் பற்றி எழுதினார்கள். பச்சை வெளிச்சம் பட்டால் செம்மஞ்சளாக ஒளிரும். அதன் மூலக்கூறில் நீளமான இரண்டு கொழுப்பு வால்கள் இருக்கின்றன. செல்லின் உறையும் கொழுப்பால் ஆன இரண்டடுக்குப் படலம். எண்ணெயில் மஞ்சள் இறங்குவது போல அந்த வால்கள் படலத்துக்குள் செருகிக்கொள்கின்றன. வேலை மிகச் சுலபம். செல்களைச் சுழலியில் போட்டு அடியில் படிய வைத்து, சாயக் கரைசலில் இரண்டிலிருந்து ஐந்து நிமிஷம் வைக்க வேண்டும். பிறகு சீரம் ஊற்றி நிறுத்தி, மூன்று தடவை அலச வேண்டும். மரபணு வேலை இல்லை, வைரஸ் இல்லை, வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும். இந்தச் சுலபம்தான் எங்களைக் கெடுத்தது.

2003 வாக்கில் நான் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். ஊர் பேர் வேண்டாம், பிழை என்னுடையது. எலிக்குப் பக்கவாதம் உண்டாக்க, கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய நைலான் நூல் ஒன்றைச் செலுத்துவார்கள். தூண்டிலில் கட்டுகிற நரம்பு மாதிரி இருக்கும். 1986-ல் ஜப்பானில் கொய்சூமி தொடங்கி, 1989-ல் லோங்கா மாற்றியமைத்த முறை. நூலின் நுனியைச் சுடரில் காட்டி மழுக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குழாயைக் குத்திவிடும். ஒன்றரை மணி நேரம் அடைத்து வைத்து, நூலை உருவிவிடுவோம். சில நாள் கழித்து, சாயம் ஏற்றிய எலும்பு மஜ்ஜை செல்களை, செத்த பகுதிக்குப் பக்கத்தில் ஊசியால் மெதுவாக விடுவோம். நான்கு வாரம் காத்திருப்பு. பிறகு மூளையை உறைய வைத்து, நுங்கு சீவுவது போலச் சீவி, ஸ்லைடில் ஏற்ற வேண்டும். ஒரு சீவல் 30 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 33 சீவல் வரும்.

முதல் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்த ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. அறை முழு இருட்டு. கறுப்புப் பின்னணியில், குங்குமம் தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். ஊசி போட்ட இடத்தில் மட்டுமல்ல, வெகுதூரம் தள்ளி, அடிபட்ட பகுதியின் விளிம்பு வரைக்கும். இன்னும் பெரிதாக்கினால், சிலவற்றுக்குக் கைகள் முளைத்திருந்தன! மெல்லிய கிளைகள். நரம்பு செல்லுக்கும் கிளை உண்டு. மஜ்ஜை செல் ஊர்ந்து போய் நரம்பு செல்லாக மாறிவிட்டது என்று அந்த இருட்டிலேயே முடிவு கட்டினேன். அந்த எலிகள் முன்னைவிட நன்றாக நடக்கவும் செய்தன. அப்பத்தா இருந்திருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு விடிய விடியத் தூங்கவில்லை.

காலையில் எங்கள் குழுவில் மூத்தவரான அம்மையாரிடம் படங்களைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்குப்பா. செத்த செல்லை விட்டுப் பாத்தியா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. செத்த செல்லை எதற்கு விட வேண்டும்? "விட்டுப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

விட்டுப் பார்த்தோம். சாயம் ஏற்றிய செல்களைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கி, மறுபடி உறைய வைத்து, இப்படி மூன்று தடவை. எல்லாம் செத்துவிட்டனவா என்று நீல மை போட்டும் பார்த்தோம். உயிருள்ள செல் அந்த மையை உள்ளே விடாது, செத்தது விடும். எல்லாம் நீலம். அதே அளவு, அதே ஊசி, அதே இடம். நான்கு வாரம்.

அதே சிவப்பு. எண்ணிக்கை சற்றுக் குறைவு, அவ்வளவுதான். தள்ளித் தள்ளியும் இருந்தன, கிளைகளோடும் இருந்தன. செத்துப் போன செல் ஊர்ந்து போயிருக்க முடியாது, கிளை விட்டிருக்கவும் முடியாது. அப்படியானால் இந்தச் சிவப்பு யாருடையது? மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவை மட்டும் பச்சையாகக் காட்டுகிற எதிர்ப்பொருளை ஊற்றிப் பார்த்தோம். சிவப்பு பெரும்பாலும் பச்சைக்குள் உட்கார்ந்திருந்தது. எங்கே எது செத்தாலும் தின்று துப்புரவு செய்வது அவற்றின் வேலை. எங்கள் செல்களையும் தின்றிருக்கின்றன. தின்றவற்றின் வயிற்றில் சாயம். சாயம் ஜீரணமாகாது, மங்கவும் நாளாகும். அந்தக் கிளைகளும் மைக்ரோகிளியாவுக்கு இயல்பாகவே உள்ளவை. எலியின் சொந்த செல்லைப் பார்த்துக்கொண்டு என் செல் என்று கொண்டாடியிருக்கிறேன்.

எங்கள் அம்மா ஆற்றுக்குத் துவைக்கப் போகும்போது, புதுச் சிவப்புச் சேலையை அப்பாவின் வேட்டியோடு சேர்த்து நனைக்க விடமாட்டார். "சாயம் ஏறிக்கும் கண்ணு, தனியா போடு" என்பார். ஒருமுறை நான் சேர்த்துப் போட்டுவிட்டேன். அப்பா ஒரு மாதம் ரோஸ் வேட்டியில் தோட்டத்துக்குப் போனார். வேட்டி சிவந்திருக்கிறது என்பதற்காக யாரும் அதைச் சேலை என்று சொல்லவில்லை. நான் மட்டும் மைக்ரோஸ்கோப் முன்னால் அப்படிச் சொன்னேன்.

நாங்கள் மட்டுமா ஏமாந்தோம் என்றால், இல்லை. செல்லின் கருவில் ஒட்டும் ஹோக்ஸ்ட் 33342 என்ற நீலச் சாயம், நட்ட செல்லிலிருந்து பக்கத்து செல்களுக்குத் தாவுகிறது என்று 2000-ல் கேம்பிரிட்ஜின் பிளேக்மோர் குழு எச்சரித்தது. டி.என்.ஏ.வுக்குள்ளேயே கோர்த்துக்கொள்ளும் பி.ஆர்.டி.யு. என்ற அடையாளத்தைப் பாதுகாப்பானது என்று நம்பினோம். செத்த செல்லிலிருந்து கழன்று, பிரிந்துகொண்டிருக்கும் பக்கத்து செல்லின் டி.என்.ஏ.வுக்குள் அது நுழைகிறது என்று 2006-ல் மினசோட்டா குழு காட்டியது. எம்.ஆர்.ஐ.யில் தெரிவதற்காகச் செல்லுக்குள் ஏற்றும் இரும்புத் துகளும் இதே கதைதான், தின்னும் செல்லின் வயிற்றுக்குப் போய்விடும். பி.கே.எச். 26 தாவும் என்று தலைப்பிலேயே அறிவித்த கட்டுரை 2013-ல் வந்தது. எங்கள் படங்கள் அலமாரியிலேயே தூங்கின. தோற்ற சோதனையை அச்சிடுவதில் அன்று யாருக்கும் ஆர்வமில்லை, எங்களுக்கும் இல்லை. அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் வெட்கம் உண்டு.

பக்கவாதம் வந்த மூளைக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு. அது சாயமே போடாமல் ஒளிரும். வயதான நரம்பு செல்லில் சேரும் லிப்போஃபஸ்சின் என்ற கசடு, ஊசி போட்ட இடத்தில் கசிந்த ரத்தம், செத்த திசு எல்லாம் தாமாகவே மினுங்கும். அதனால் சாயமே போடாத ஒரு மூளையையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். தொழில் நுணுக்கம் ஒன்றையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். செல்லுக்குள் இருக்கும் புரதத்தைக் காட்ட எதிர்ப்பொருள் உள்ளே போக வேண்டும். போக வேண்டுமென்றால் உறையைச் சோப்பு போன்ற திரவத்தால் ஓட்டையாக்க வேண்டும். அந்தச் சோப்பு, உறையில் செருகிய சாயத்தையும் அடித்துக்கொண்டு போகும். ஆல்கஹால் பட்டாலும் கரையும். செல்லை அடையாளம் காணவும் வேண்டும், சாயமும் போகக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் திண்டாடிப் பாதி ராத்திரிகள் போயின.

பிறகு என்ன வழி? வெளியிலிருந்து சாயம் பூசாமல், செல்லே தன் ஒளியைச் செய்துகொள்ள வைப்பது ஒரு வழி. ஒரு ஜெல்லி மீனிலிருந்து 1962-ல் ஷிமோமுரா பிரித்தெடுத்த பச்சைப் புரதத்துக்கு ஜி.எஃப்.பி. என்று பெயர். 1994-ல் மார்ட்டின் சால்ஃபி அதன் மரபணுவை வேறு உயிர்களில் ஒளிர வைத்தார். ரோஜர் சியென் அதற்குப் பல நிறம் கொடுத்தார். மூவருக்கும் 2008-ல் நோபல் பரிசு. மரபணுவோடு வருவதால் செல் பிரியும்போது ஒளி பாதியாகாது. பூசிய சாயமோ ஒவ்வொரு பிரிவிலும் பாதியாகிக்கொண்டே போகும். இருந்தாலும் ஜி.எஃப்.பி.யையும் முழுதாக நம்பிவிட முடியாது. மஜ்ஜை செல்கள் மூளை செல்லோடு இணைந்து ஒன்றாகிவிடுவதை 2003-ல் கண்டார்கள். இணைந்த செல்லும் பச்சையாகத்தான் ஒளிரும். பார்ப்பவனுக்கு மாறியது போல இருக்கும்.

எனக்குப் பிடித்தது மின்மினிப் பூச்சியின் வழி. அதன் ஒளிரும் நொதியைச் செல்லுக்குள் வைத்தால், ஒளிர்வதற்கு ஏ.டி.பி. என்கிற செல்லின் எரிபொருள் தேவைப்படும். செல் செத்தால் எரிபொருள் நின்றுவிடும், விளக்கும் அணைந்துவிடும். தின்றவனின் வயிற்றுக்குள் எரியாது. வேறு சிலர் ஆண் எலியின் செல்லைப் பெண் எலிக்குள் விட்டு ஒய் குரோமோசோமைத் தேடுகிறார்கள். மனித செல்லை எலிக்குள் விட்டால் மனிதப் புரதத்தைத் தேடலாம். ஒரே சாட்சியை நம்பாமல் இரண்டு மூன்று சாட்சிகளை விசாரிக்கிறார்கள், கிராமத்துப் பஞ்சாயத்தில் செய்கிற மாதிரிதான்.

மனிதருக்கு இந்தச் சாயங்கள் உதவாது. கண்ணுக்குத் தெரியும் ஒளி தோலையும் மண்டை ஓட்டையும் தாண்டி வராது. உயிரோடிருப்பவரின் மூளையைச் சீவிப் பார்க்கவும் முடியாது. ஆனாலும் ஒரு முறை மனிதரில் நேரடியாகப் பார்க்க வாய்த்தது. பிட்ஸ்பர்க்கில் 12 பக்கவாத நோயாளிகளின் மூளையில் ஆய்வகத்தில் வளர்த்த நரம்பு செல்களை விட்டு, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் 27 மாதம் கழித்து இதயக் கோளாறால் இறந்தார். மூளையை ஆராய்ந்தபோது, நட்ட செல்களில் கொஞ்சம் அங்கே இருந்தன. எப்படித் தெரிந்தது? சாயம் இல்லை. அந்த செல்களின் வம்சத்தில் குரோமோசோம் எண்ணிக்கையே நம்முடையதைவிட அதிகம். அழிக்க முடியாத அடையாளம் அது.

செல்களை நேராக மூளையில் விடாமல் ரத்தக்குழாயில் ஊசியாக ஏற்றினால் இன்னொரு சிக்கல். மஜ்ஜையிலிருந்து வளர்த்தெடுத்த செல்கள் பருத்தவை. நுரையீரலின் நுண்குழாய்கள் குறுகியவை. பெரும்பாலானவை அங்கேயே சிக்கிக்கொள்கின்றன என்று எலிகளில் 2009-ல் காட்டினார்கள். மூளைக்குப் போகிற பஸ் என்று ஏறியவர்கள் நுரையீரலிலேயே இறங்கிவிட்டார்கள். விந்தை என்னவென்றால், அப்படி மூளையை எட்டாமலும் பல எலிகள் தேறின. செல்கள் இடம்பிடித்து வாழவில்லை. சுரக்கும் வளர்ச்சிப் புரதங்களாலும், அழற்சியைத் தணிப்பதாலும், சாவதற்குள் ஏதோ நன்மை செய்துவிட்டுப் போகின்றன என்று இப்போது பலரும் கருதுகிறார்கள். அதனால் செல்லே வேண்டாம், செல் உமிழும் நுண்பைகள் போதும் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அந்த நுண்பைகளைப் பின்தொடர அவர்கள் எடுத்த சாயம் எது தெரியுமா? பி.கே.எச். தான். சாயம் தனக்குத்தானே திரண்டு, நுண்பை அளவிலேயே உருண்டைகளாகி ஊர்வலம் போகிறது என்று இப்போது கட்டுரைகள் வருகின்றன. ஒரே குழியில் இரண்டாவது வண்டி.

நம் நாட்டு நிலவரத்துக்கு வருகிறேன். பேராசிரியர் காமேஸ்வர் பிரசாத் தலைமையில் டெல்லி எய்ம்ஸும் வேறு சில மருத்துவமனைகளும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தின. 120 பக்கவாத நோயாளிகள். 58 பேருக்கு அவரவர் மஜ்ஜையிலிருந்தே எடுத்த, சராசரியாக 28 கோடி செல்கள் ரத்தக்குழாய் வழியாக ஏற்றப்பட்டன. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்தார்கள். 180-ஆம் நாள் அளந்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. ஆபத்தில்லை, ஆனால் பலனும் இல்லை. 2014-ல் ஸ்ட்ரோக் இதழில் வெளியிட்டார்கள். நான் இந்தியனாகப் பெருமைப்படுகிற ஆய்வுகளில் அது ஒன்று. செல் ஏற்றாதவர்களும் தேறினார்கள் பாருங்கள், எங்கள் அப்பத்தா தேறிய மாதிரி. அந்த இரண்டாவது கூட்டம் இல்லாமல் இருந்திருந்தால் 58 பேரும் தேறினார்கள் என்று போஸ்டர் ஒட்டியிருக்கலாம்.

போஸ்டர் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் சொந்தத்தில் ஒருவர், கோபிப் பக்கம். கை விழுந்து எட்டு மாதம். ஒரு இடத்தில் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தோட்டத்தில் ஒரு பகுதியை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டு என்னிடம் வந்தார். "மாப்ள, நீங்க இதப் பத்தித்தானே படிச்சீங்க, பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு வழவழப்பான புத்தகத்தை நீட்டினார். உள்ளே கறுப்புப் பின்னணியில் சிவப்புப் புள்ளிகள். கீழே, செல்கள் மூளையைச் சென்றடைந்து புது நரம்புகளாக மாறுகின்றன என்று எழுதியிருந்தது. எலி மூளைப் படம். அந்தச் சிவப்பை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2013-ல் தன் ஸ்டெம் செல் வழிகாட்டியின் தலைப்பிலிருந்தே சிகிச்சை என்ற சொல்லை எடுத்துவிட்டது. 2017 வழிகாட்டி இன்னும் கறாரானது. ரத்த நோய் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சிதான், ஆராய்ச்சிக்கு உட்படுகிறவரிடம் காசு வாங்கக் கூடாது. இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப இந்தப் போட்டோ பொய்யுங்களா?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போட்டோ பொய்யில்லை. அங்கே சிவப்பு இருக்கிறது, நிஜமான சிவப்பு. அடியில் எழுதிய வரிதான் வேறு. இதைப் புரிய வைக்க ரோஸ் வேட்டிக் கதையைச் சொன்னேன். சிரித்தார். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன பொங்கலுக்குப் பார்த்தபோது தடி ஊன்றி வாசல் வரை வந்தார்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்காக ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். 2003-ல் எடுத்த படங்களின் பிரதிகள், மொத்தம் 16. எட்டு, உயிருள்ள செல் விட்ட மூளை. எட்டு, செத்த செல் விட்ட மூளை. ஸ்லைடுகள் எப்போதோ மங்கிப் போய்விட்டன, படத்தில் சிவப்பு அப்படியே இருக்கிறது. நன்றியுரை முடிந்து காபி கொடுக்கும்போது அந்த ஓர மேசையில் பரப்பி வைக்கிறேன். எது எது என்று பிரித்து வையுங்கள். விடை ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் இருக்கிறது. முதலில் திருப்பிப் பார்த்துவிடாதீர்கள்.